கூத்தம்பாறைக்கு ஒரு புதன்கிழமை

கூத்தம்பாறைக்குப் புதன்கிழமை வருவதில்லை. செவ்வாய்க்கிழமை படுத்தால் வியாழக்கிழமைதான் கண் விழிப்பார்கள். ரோடு சரியில்லை என்று புதன் பாதி மலையிலேயே திரும்பிவிடும். பஸ்ஸும் அப்படித்தான். அதனால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் தடுப்பூசி புதன்கிழமைதான் போடுவார்கள். நர்ஸ் சுகிர்தத்துக்கு அதுதான் வயிற்றெரிச்சல். சுடர்க்கொடியின் மகள் மகிழினிக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. தட்டம்மை ஊசி இன்னும் போடவில்லை. பக்கத்து மலையில் ஏழு வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. நேற்று எட்டாவது வீட்டிலும் கட்டிவிட்டார்கள்.

"வியாழக்கிழமை போட்டா என்ன நர்ஸம்மா, குத்தாதா?" என்றாள் சுடர்க்கொடி.

"ஊசி குத்தும்டி. மருந்து உள்ள இறங்காது. கையிலயே நின்னுக்கிட்டு இன்னிக்கு என்ன கிழமைன்னு கேக்கும்."

சுடர்க்கொடி பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். பயந்துவிட்டாள், பாவம். சுகிர்தம் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிழமை ஆபீசுக்குக் கிளம்பினாள்.

கிழமை ஆபீஸ் தாலுகா ஆபீசுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் வராந்தா நடக்க நடக்க நீளும். வழிநெடுகப் பெஞ்சுகளில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் தோளிலும் அதே நீலப் பெட்டி. ஒருத்தி பாலைவனத்திலிருந்து வந்திருந்தாள், செருப்பெல்லாம் மணல். ஒருத்தி முக்காட்டில் பனி இன்னும் உருகவில்லை. இன்னொருத்தி படகிலேயே வந்து, படகைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள்.

"உனக்கு எத்தனை பிள்ளை பாக்கி?" என்று பனிக்காரி கேட்டாள். என்ன பாஷையோ, நன்றாகவே புரிந்தது.

"ஒண்ணுதான்."

"எனக்கும் ஒண்ணுதான். ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு."

அவள் தன் முக்காட்டை உதறி, பனியை அள்ளிச் சுகிர்தத்தின் பெட்டிக்குள் போட்டாள். வெயிலில் வந்திருக்கிறாயே என்று கன்னத்தையும் தொட்டுப் பார்த்தாள்.

கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"புதுப் புதன் ஸ்டாக் இல்லம்மா. பழசு கையில இருந்தா குடுங்க, ஊர் பேர் மாத்தித் தர்றோம்."

"பழசுன்னா?"

"நீங்க பத்திரமா வச்சிருக்கிற புதன். குடுத்துட்டா திரும்பக் கேக்கக் கூடாது."

சுகிர்தத்திடம் ஒன்று இருந்தது. நாற்பத்தாறு வருஷப் பழசு. அன்றைக்குத்தான் அவள் தங்கச்சி பவுனு, பத்து மாதப் பிள்ளை, ஆட்டுக்கல்லைப் பிடித்துக்கொண்டு முதல்முதலாக எழுந்து நின்றாள். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டு மாதம் கழித்துத் தட்டம்மை வந்து பவுனைக் கொண்டுபோய்விட்டது. அம்மா பிறகு அப்படிச் சிரிக்கவே இல்லை. ஆறு வயது சுகிர்தம் அந்தப் புதனை மடித்து வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக அது மணிபர்சில் இருந்தது.

எடுத்து, ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டு நீட்டினாள்.

"மனசு சரியில்லன்னா இதைத்தான் சார் எடுத்துப் பாப்பேன்."

"நல்லா வச்சிருக்கீங்கம்மா. ஓரம்கூடக் கிழியல," என்றார் அவர். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சீல் குத்தினார்.

மறுநாள் கூத்தம்பாறைக்குப் புதன் வந்தது. வெயில் மட்டும் கொஞ்சம் பழசாக இருந்தது. அங்கன்வாடி வாசலில் மகிழினிக்கு ஊசி போட்டார்கள். பிள்ளை ஊரே கேட்க அழுதது. சுடர்க்கொடியும் கூடவே அழுதாள். சுகிர்தத்துக்கு அப்பாடா என்று இருந்தது.

"அடுத்தது யாரு?"

இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதுப் பெண் ஒன்று.

"இங்க ஊசி போடுறாங்கன்னு சொன்னாங்க. எங்களுக்கும் போடுவீங்களா நர்ஸம்மா?"

சுகிர்தம் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பெற்ற தாயை அடையாளம் தெரியாதா என்ன. ஆனாலும் கார்டு எழுத வேண்டும். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"பாப்பா பேரு?"

"பவுனு."

எழுதினாள். குப்பியில் மருந்து மிச்சம் இருந்தது. பவுனுக்கு ஊசி போட்டாள். பவுனு வீறிட்டாள். "ஆத்தாடி, என்னா தொண்டை!" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நர்ஸம்மா ஏன் அழுவுறாங்க?" என்று சின்னவள் கேட்டாள்.

"தேய்க்காதீங்க," என்றாள் சுகிர்தம். "காய்ச்சல் அடிச்சா பயப்படாதீங்க. உடனே கிளம்பக் கூடாது, அரை மணி நேரம் இங்கயே உக்காந்திருக்கணும். அது ரூல்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். சுகிர்தம் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பவுனுக்கு விளையாடக் கொடுத்தாள். பவுனு அதை வாயில் வைத்துக் கடித்தாள்.

"அரை மணி ஆயிருச்சா நர்ஸம்மா?"

"இன்னும் இல்ல," என்றாள் சுகிர்தம். "உக்காருங்க."