எந்தப் பாகத்திலிருந்து

அக்காவின் இடது கட்டைவிரல் வீடியோ கேம் பொத்தானை அழுத்திவிட்டால் சட்டென்று மேலே எழும்பாது. அதற்குள் திரையில் நீலச் சட்டை போட்ட குட்டி உருவம் நேராக ஓடிப்போய் முதல் பள்ளத்திலேயே விழுந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினோராவது தடவையாக விழுந்தது. இன்னொரு தடவை பார்க்கலாம் என்றான் தம்பி.

அக்கா இருபத்திரண்டு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவள். போன வருஷக் கடைசியில் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. கால் திரும்ப வந்தது. கை பாதிதான் வந்தது. பணிமனையில் வைத்த தகுதித் தேர்வில் இரண்டு முறையும் தவறிவிட்டாள். மூன்றாவதுதான் கடைசி. அதற்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. விரல்களுக்கு ஓயாமல் வேலை கொடுங்கள், வீடியோ கேம் ஆடினால்கூட நல்லதுதான் என்று பிசியோதெரபி பெண் சொன்னதும் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன் அவன். அந்தத் தாவிக் குதிக்கிற விளையாட்டின் ஏழு பாகங்களையும் அலமாரியில் பூட்டி, பெற்ற பிள்ளைபோலப் பார்த்துக்கொள்கிறவன். புதிதாக ஆடுகிறவர்கள் எதில் தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் அவனிடம் ஒரே பதில்தான்: முதல் பாகம். கஷ்டப்பட்டு வந்தால்தான் மற்றதெல்லாம் ருசிக்குமாம்.

துணி மடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி, நாலாம் பாகத்தில் விழுந்த இடத்திலிருந்தே திரும்பத் தொடங்கலாமே, நேரக் கணக்கும் கிடையாதே, அதைப் போட்டுக் கொடுத்தால் என்ன என்று கேட்டாள். அவனுக்குச் சுருக்கென்றது. அது சின்னப் பிள்ளைகளுக்கு, விஷயம் தெரிந்தவர்கள் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்று நீட்டி முழக்கினான்.

அக்கா விரல்களை நீவிக்கொண்டிருந்தாள்.

"நான் எப்பவுமே இந்தப் பள்ளத்தைத் தாண்டினதில்லடா," என்றாள்.

"சின்ன வயசுல நாம ரெண்டு பேரும் சேர்ந்துதானேக்கா ஆடினோம்?"

"நீ செத்தாத்தானே எனக்கு முறை வரும். நீதான் சாகவே மாட்டியே."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். பள்ளி லீவு மதியங்கள் அவனுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இதோ முடிஞ்சிடும், இதோ முடிஞ்சிடும் என்று சொல்லிக்கொண்டே ஒரு மணி நேரம் ஆடுவான். அவள் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முறை வந்தால் அவளுக்கு ஒரு நிமிஷம். பழகாத கை, உடனே பள்ளம். மறுபடி அவன். கடைசிக் கோட்டையை அவன் பிடித்த அன்று அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டியது அவள்தான். நாங்கள் இருவரும் சேர்ந்து ஜெயித்தது என்றுதான் இத்தனை வருஷமும் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறான்.

எழுந்துபோய் நாலாம் பாகத்தை எடுத்து வந்தான்.

ஐந்து வாரமும் அதுதான். பள்ளங்களைத் தாண்டினாள், பாலங்களைக் கடந்தாள், பாதி விளையாட்டுவரை வந்துவிட்டாள். தேர்வன்று அவன் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனான். வீடு திரும்பியதும், மூன்றாவது முறையும் தவறிவிட்டது, இனிமேல் பணிமனை அலுவலகத்தில் உட்கார்ந்து வண்டிகள் போகிற வருகிற நேரத்தை எழுதுகிற வேலைதான் என்பதை அவன் மனைவிதான் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக டிவி முன்னால் போய் உட்கார்ந்தாள். விளையாட்டைப் போட்டாள். புல்வெளி விரிந்தது. கொஞ்ச தூரம் நடத்தி வந்தவள், வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் வேணா நடத்தட்டுமாக்கா? நீ குதிக்க மட்டும் அழுத்து."

"வேணாம். கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

அவன் ஒருநாளும் அந்த உருவத்தை நிற்க விட்டதில்லை. பின்னால் மேகங்கள் நகர்ந்தன. குட்டி உருவம் இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. பிறகு மெல்லப் புல்லில் உட்கார்ந்து, கால்களை நீட்டிக்கொண்டு, திரைக்கு வெளியே அவர்களைப் பார்க்கத் தொடங்கியது.