பட்டாம்பூச்சிக்கென்று வாங்கிய செடிகள்

திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்குள் டிலேனி என் கையைப் பிடித்துத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமை எங்கள் மில்க்வீட் செடிகளில் பதினோரு புழுக்கள் இருந்தன. மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாய் வரிபோட்ட மொனார்க் பட்டாம்பூச்சிப் புழுக்கள், மில்க்வீட் இலையைத் தவிர வேறெதையும் தின்னாதவை. நான்காம் வகுப்பு மொத்தமும் வரிசையில் நின்று எண்ணியிருந்தது. இப்போது இலைகளில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் மண்ணில் சுருண்டு கிடந்தன. ஒன்று மட்டும் பச்சையாய் எதையோ கக்கிக்கொண்டு நெளிந்தது.

"நான்தான் மிஸ்" என்றாள் டிலேனி. "வெள்ளிக்கிழமை ஒண்ண வெரல்ல ஏத்திக்கிட்டேன். கையில வெயில் கிரீம் இருந்துச்சு. தொடாதீங்கன்னு நீங்க சொன்னீங்க."

"ஒரு வெரல் பட்டு பதினொண்ணும் சாகுமாடி?"

"அப்ப எதனால?"

அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். மில்க்வீட் விதை குளிரில் கிடந்தால்தான் முளைக்கும். ஜனவரியில் பிள்ளைகள் ஈர மணலில் விதைகளைப் பிசைந்து டப்பாவில் போட, ஆசிரியர் அறை ஃப்ரிட்ஜில் வைத்தேன். பெயர் எழுதாத எதுவும் வெள்ளிக்கிழமை குப்பைக்குப் போகும் என்று அதன் கதவில் நோட்டீஸ் ஒட்டியவள் நான். அந்த டப்பாவில் பெயர் எழுத மறந்தவளும் நானேதான். வசந்த விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் டப்பா இல்லை. உயர்நிலைப் பள்ளியின் பசுமைக்குடிலில் உங்கள் விதைகளை வளர்க்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் அளந்துவிட்டேன். மே மாதம் கடையிலிருந்து பதினாறு செடிகள் வாங்கி, சீட்டுகளைக் கிழித்தெறிந்து, ஆளுக்கொன்றாய்க் கொடுத்தேன். செடிக்குப் பெயரெல்லாம் வைத்தார்கள். டிலேனியுடையது ரஸ்டி.

மதிய இடைவேளையில் கடைக்குப் போன் போட்டேன்.

"நாங்க எதுவும் தெளிக்கல மேடம்" என்றார் கடைக்காரர். "பண்ணையிலயே வேர்ல பூச்சி மருந்து குடுத்துதான் அனுப்புவாங்க. இலையில ஓட்டை இருந்தா யாரு வாங்குவா?"

"கழுவிட்டா?"

"செடிக்குள்ளயே ஊறினத எப்படிக் கழுவுவீங்க?"

பட்டாம்பூச்சிக்கான செடி என்று சீட்டில் படம் வேறு போட்டிருந்தது. நல்ல மனிதர், வருத்தமாக இருக்கிறது என்றார். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். டிலேனி அங்கேதான் உட்கார்ந்திருந்தாள், கையைச் சட்டையில் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை சிவந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கை தேய்ப்பதை நிறுத்தினாள்.

"அப்ப ரஸ்டி என் விதை இல்லையா?"

"இல்லம்மா. கடைச்செடி."

"எங்ககிட்ட பொய் சொன்னீங்க."

"ஆமா."

திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் எழுந்து போய் ரஸ்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வராததால் நான் வேரடியில் மண்வெட்டியை விட்டேன். ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி நடைபாதையில் போட்டோம். பள்ளிக்கூட வேலியைத் தாண்டினால் எந்தப் பக்கமும் சோளமும் சோயாவும்தான், மொனார்க் முட்டையிட ஒரு மில்க்வீட் கிடையாது.

பத்தாவது செடியில் இருக்கும்போது வேலிக்கு மேலே ஒரு மொனார்க் பட்டாம்பூச்சி வந்தது. ஓரம் கிழிந்த இறக்கை. வசந்தம் முழுக்க இப்படி ஒன்றைக் கண்ணால் பார்க்கத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம்.

"போ!" என்று டிலேனி கையை வீசினாள். "இங்க வராத, போ! மிஸ், தொரத்துங்க!"

நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஸ்வெட்டரைக் கழற்றி விசிறினேன். அது விலகிச் சென்று எங்களை ஒரு சுற்றுச் சுற்றியது. சாப்பாட்டு அறைக் கதவு திறந்து, "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று பிள்ளைகள் ஓடிவந்தார்கள். அது நடைபாதையில் கிடந்த குவியலில் இறங்கி, வாடத் தொடங்கியிருந்த ஓர் இலையின் அடியில் வயிற்றை வளைத்து, முட்டையிட ஆரம்பித்தது.