மெதிஹாவின் பாராட்டு

கம்யூனிஸ்ட் கட்சியின் ஆட்சியில் இருந்த கொர்ச்சா நகரப் பள்ளியில் அன்று சாயங்காலம் ஆசிரியர்கள் எல்லோரும் கூடியது இலக்கிய ஆசிரியை மெதிஹாவை விசாரிக்க. தீர்ப்பு பாதகமானால் கடலோரச் சதுப்பு நில முகாமுக்குக் குடும்பத்தோடு லாரி ஏற வேண்டியதுதான். மகள் யெரினா சின்னவள், நெஞ்சுச் சளி விட்டபாடில்லை. அந்த ஈரத்தில் ஒரு குளிர்காலம் தாங்க மாட்டாள். மெதிஹாவின் மண்டைக்குள் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கணவன் நஸ்மி, அதே பள்ளியில் கணக்கு வாத்தியார், மூன்றாம் வரிசையில் பேயறைந்தவன்போல உட்கார்ந்திருந்தான்.

நடந்தது இதுதான். பாடப்புத்தகத்தில் இருந்த பழைய கதை ஒன்றை அவள் வகுப்பில் நடத்தினாள். கதையில் ஒரு குடியானவன் பண்ணையாரைப் புகழ்கிறான்: எங்கள் ஐயா இரக்கமே உருவானவர், எங்களை அடித்து முடித்ததும் சவுக்கைத் தம் கையாலேயே கழுவி வைப்பார். இதில் எது புகழ்ச்சி, எது நையாண்டி, எந்தக் குரலில் சொல்கிறான் என்று பிள்ளைகளுக்கு விளக்கினாள். பாராட்டு ஆளைவிடப் பெரிதாக இருந்தால் உள்ளே கேலி ஒளிந்திருக்கும், தேடுங்கள் என்றாள். நல்ல பாடம். அந்த ஊரில் நடத்தியிருக்கக் கூடாது.

ஒரு மாணவி தேடிக் கண்டுபிடித்தும்விட்டாள், உள்ளூர்ப் பத்திரிகையில். ரொட்டிக் கடை வரிசையின் நீளமே மக்களின் ஒற்றுமைக்குச் சான்று என்று கட்சிச் செயலாளர் செல்மான் எழுதியிருந்தார். பண்ணையார் கதையைவிட நுட்பமான நையாண்டி என்று அந்தப் பெண் தன் கட்டுரையில் அவரை மனதார மெச்சியிருந்தாள். தூக்கக் கலக்கத்தில் திருத்திய மெதிஹா பத்துக்குப் பத்து போட்டுவிட்டாள். கட்டுரை எப்படியோ செல்மான் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது தலைமை நாற்காலியில் அந்த செல்மானே உட்கார்ந்து, சுயவிமர்சனம் செய்யச் சொன்னார். மெதிஹா எழுந்தாள். பெரிய பாராட்டுக்குள் கேலி இருக்கும் என்ற விதி பண்ணையார் காலத்துக்கு மட்டும்தான், இன்று எந்தப் பாராட்டும் அளவுக்கு மீறிப் போகவே முடியாது என்றாள். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். பதறிப்போய் இன்னும் கொஞ்சம் சேர்த்தாள்: தோழர் செல்மானின் கட்டுரையைப் படித்ததிலிருந்து வரிசையில் நிற்பதே சுகமாக இருக்கிறது. சொல்லும்போதே உறைத்துவிட்டது. குடியானவனின் குரல் அவள் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. கேலி செய்யும் தெம்பா அவளுக்கு இருந்தது, பாவம்? ஆனால் அவள் சொல்லிக்கொடுத்த விதியை வைத்துத்தான் அறையில் எல்லோரும் அவளையே அளந்துகொண்டிருந்தார்கள்.

“நக்கல் பண்றீங்களா, தோழர்?” என்றார் செல்மான்.

“சத்தியமா இல்ல தோழர். நெஜமாவே நீங்க ரொம்ப நல்லவர்.”

முன்வரிசை முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டது. வாயைத் திறக்கத் திறக்க வம்பு கூடியது. இனி என்ன சொன்னாலும் கேலியாகத்தான் கேட்கும் என்று தெரிந்ததும் மெதிஹா உள்ளதைக் கொட்டிவிட்டாள்.

“எனக்குப் பயமா இருக்கு. எம் பிள்ளைக்கு நெஞ்சு சரியில்ல. விட்டுருங்க.”

அதில் யாரும் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. இருமல்கூட அடங்கிவிட்டது. செல்மான் நிதானமாகப் பேனாவைத் திறந்தார்.

“பயமா? நம்ம நாட்டுல யாருக்கு, யாரப் பாத்துப் பயம்? சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

நையாண்டி என்றால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்; பயத்துக்கு எப்படி மன்னிப்பு கேட்பது? தண்டனைக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னார் செல்மான். ஒவ்வொரு கையாக எழுந்தது. நஸ்மியின் கை மட்டும் மேசைமேலேயே கிடந்தது. அங்கே அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்: கணவன் கை தூக்கி, விவாகரத்தும் எழுதிக் கொடுத்தால் பிள்ளை அவனோடு ஊரில் தங்கலாம். இல்லாவிட்டால் மூன்று பேருக்கும் லாரி.

அவன் அவளையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தான். அன்புதான். அவளுக்கு அப்போது அந்த அன்பின்மேல் ஆத்திரம் வந்தது.

“கையத் தூக்கு, நஸ்மி,” என்றாள். “பிள்ள இங்கயே இருக்கட்டும்.”

அவன் தூக்கினான். செல்மான் ஏகமனதாக என்று எழுதிக்கொண்டார்.