வீட்டு மனுஷிக்குச் சம்பளமா?

“வளையல் உன்னோடதுதான், யாரு இல்லைன்னா? ஆனா எதுக்குன்னு ஒரு கணக்கு வேணாமா?” என்றார் அத்தான், பேனா மூடியைக் கழற்றியபடி.

அத்தானின் தம்பியான அவள் புருஷன் செத்த மாதமே, “பத்திரமா இருக்கட்டும்” என்று அந்த இரண்டு தங்க வளையல்களையும் வாங்கித் தன் பீரோவில் பூட்டியவள் அத்தானின் மனைவி, அக்கா. பத்திரமாகத்தான் இருந்தன. உடையவள்தான் ஆறு வருஷமாக அவற்றைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்த வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பேர். முப்பத்து நாலு வயதிலும் சின்னவள்தான்.

இன்று மாலை ஐந்து மணிக்குள் மருத்துவ உதவியாளர் சான்றிதழ்ப் படிப்புக்கு நாற்பத்தைந்தாயிரம் கட்டியாக வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். பாடங்களின் பட்டியலைப் படித்தபோது அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. ரத்த அழுத்தம் பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது, ஊசி போடுவது, படுத்த நோயாளியைப் புரட்டிவிடுவது. மகன் போன அதிர்ச்சியில் பக்கவாதம் வந்து வாயடைத்துக் கிடக்கிற மாமனாருக்கு அவள் தினமும் செய்கிற வேலைதான் அத்தனையும். ஒரு காகிதம் மட்டும்தான் பாக்கி.

அத்தான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். தாளின் நடுவே நேராக ஒரு கோடு இழுத்தார்.

“ஃபீஸ் நாப்பத்தஞ்சு. பஸ்ஸுக்கு மாசம் ஆயிரம். படிச்சு முடிச்சா கிளினிக்ல என்ன குடுப்பான்?”

“பதினொண்ணாயிரம் தர்றாங்களாம், அத்தான்.”

“சரி. நீ போயிட்டா அப்பாவை யாரு பாப்பா?” என்றவர், போனில் யாரையோ கூப்பிட்டு விசாரித்தார். “வீட்டுக்கு வர்ற நர்ஸுக்குப் பகல் மட்டும் மாசம் பதினாலாயிரமாம். சாப்பாடு தனி.” எழுதினார், கழித்தார், கீழே இரண்டு கோடு போட்டார். “பாத்தியா? மாசம் மூவாயிரம் கையை விட்டுப் போகுது. பஸ்ஸுக் காசு வேற. இப்படிப் படிச்சு நஷ்டப்படணுமா?”

“நான்தான் அப்பவே சொன்னேனே!” என்றாள் அக்கா.

தங்கள் மகனை லட்சங்களைக் கொட்டி வெளியூர்க் கல்லூரியில் சேர்த்த அன்று இந்த மேஜைமேல் தாளும் இல்லை, பேனாவும் இல்லை. பையன் படிப்புக்குக் கணக்குப் பார்த்தால் பாவம் போலிருக்கிறது! சின்னவள் தாளைத் தன் பக்கம் திருப்பி, மெதுவாகப் படித்தாள்.

“இந்தப் பதினாலாயிரம் யாருக்கு, அத்தான்?”

“வர்ற நர்ஸுக்குத்தான். வேற யாருக்கு?”

“ஆறு வருஷமா அந்த வேலையைப் பாத்தது யாரு?”

அத்தானின் முகம் சிவந்தது. “என்ன பேச்சு இது? வீட்டு மனுஷிக்குச் சம்பளமா? வெளியில கேட்டா காறித் துப்புவாங்க!”

“நான் கேக்கலையே. இதுல எழுதியிருக்கு. எழுதினது நீங்க.”

உள்ளறையில் மணி அடித்தது. பேச முடியாத மாமனாரின் கட்டிலருகே வைத்திருந்த மணி. கூடவே நாற்றமும் வந்தது. மற்ற நாளாக இருந்தால் மணிச் சத்தம் ஓயுமுன் சின்னவள் உள்ளே இருப்பாள். இன்று எழுந்திருக்கவில்லை. மறுபடி அடித்தது. கால்கள் தாமாகவே எழப் பார்த்தன. அந்தக் கிழவர் என்ன பாவம் பண்ணினார்? நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நீங்க போய்ப் பாருங்க.”

“எனக்குக் குமட்டும்னு உனக்குத் தெரியாதா?”

“அத்தான்?”

பெற்ற அப்பன்தான். ஆனாலும் அத்தான் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். மணி விடாமல் அடித்தது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த பீரோ சாவியை எடுத்து மேஜைமேல் எறிந்தாள்.

“எடுத்துத் தொலை! போய் முதல்ல அவரைக் கவனி!”

சின்னவள் வளையல்களை எடுத்துக்கொண்ட பிறகுதான் உள்ளே போனாள். கழுவித் துடைத்து, துணி மாற்றினாள். முடித்ததும் கிழவர் தன் நல்ல கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. போகாதே என்கிறாரா, போய்வா என்கிறாரா, தெரியவில்லை. விரல் விரலாக விடுவித்துக்கொண்டு வெளியே வந்தாள். வளையல்கள் பணமாகி, நாலரை மணிக்கு ஃபீஸ் கட்டியாயிற்று.

திங்கட்கிழமை அவளுக்கு முதல் வகுப்பு. அன்று காலையே நர்ஸும் வந்துவிட்டாள். வந்தவள் கிழவரைப் புரட்டி முதுகைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள், குதிகாலைப் பார்த்தாள்.

“ஆறு வருஷமாப் படுக்கையிலயா இருக்காரு? ஒரு புண்ணுகூட இல்லையே! எந்த நர்ஸுங்க பாத்தாங்க? நல்லாத் தொழில் தெரிஞ்சவங்கதான்.”

அக்கா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. “நர்ஸெல்லாம் யாருமில்லைம்மா. நாங்களேதான் பாத்துக்கிட்டோம்.”

வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்த சின்னவள் நின்றாள். பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள்.

“மாமாவை எந்தப் பக்கம் புரட்டினா வலிக்கும், எந்த மாத்திரையைத் துப்பிடுவாரு, எல்லாம் அக்காகிட்டயே கேட்டுக்குங்க,” என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

நர்ஸ் அக்காவைப் பார்த்தாள். அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.