எல்லாவற்றுக்கும் ‘இல்லை’

வகுப்பில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தவர் பயிற்சி கொடுக்கும் நர்ஸ். அகதிக் குடியிருப்புப் பெண்களுக்கே சொல்லிக்கொடுத்து, அவர்களையே வீடு வீடாக அனுப்பி, யாருக்கு என்ன நோய் என்று விசாரிக்க வைக்கிற திட்டம். வாயுள்ளவள் வேண்டும் என்று தேடிப்பிடித்துச் சேர்த்துவிட்டு, மூன்று வாரமாக அணைக்கிற பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

முதல் வீடாகத் தன் வீட்டையே எடுத்துக்கொண்டாள் ரேடியோ. அலைச்சல் மிச்சம். அறைக்குக் குறுக்கே கட்டிய துணிக்கு அந்தப் பக்கம் நாத்தனார் இருந்தாள். எட்டு மாதக் கர்ப்பம். புருஷன் இன்னும் வந்து சேரவில்லை. இங்கே வர அவன் போட்ட மனு மேசை மேசையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“தலைவலி?”

“இல்ல அண்ணி.”

“கண்ணு மங்குதா?”

“இல்ல.”

“கால் வீக்கம்?”

“இல்ல.”

விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது, எழவில்லை. கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினாள். நூற்று எழுபது, நூற்றுப் பன்னிரண்டு. மெஷினுக்குத்தான் கோளாறு என்று தன் கையில் சுற்றிப் பார்த்தாள். மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

“கிளம்புடி, ஆஸ்பத்திரிக்கு.”

“போனா எழுதிடுவாங்க. நோயாளின்னு பேர் விழுந்தா அவரை விட மாட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?”

சொன்னவள் அவளேதான். ஆறு மாதம் முன்பு, அகதி அட்டைக்கான நேர்காணலுக்குப் போகுமுன் தங்கள் மாடிப் பெண்களையெல்லாம் உட்காரவைத்து, எது கேட்டாலும் ‘இல்லை’ என்று ஒப்பிக்க வைத்தாள். எல்லோருக்கும் அட்டை கிடைத்தது. பெருமையை இவள் எடுத்துக்கொண்டாள்.

“சும்மா அடிச்சு விட்டேன்டி! நான் என்ன மந்திரியா?”

“அப்பவும் தெரியாமதான் சொன்னீங்க. இப்ப மட்டும் தெரிஞ்சா சொல்றீங்க?”

நாத்தனார் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

ரேடியோ நர்ஸுக்கு போன் செய்தாள். “ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். வலிப்பு வந்தா ரெண்டு உயிரும் போயிடும். பேசிக்கிட்டே இரு,” என்றார் நர்ஸ்.

கெஞ்சினாள். மிரட்டினாள். உன் அண்ணனைக் கூப்பிடுவேன் என்றாள். கதவை இடித்தாள், தோள்தான் வலித்தது. கடைசியில் தரையில் உட்கார்ந்து, எவளிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

“நான் ‘இல்லை’ன்னு சொல்லலடி.”

“என்னது?”

“இண்டர்வியூல. அந்த ஆபீசரம்மா மூஞ்சியப் பாத்ததும் பாடமெல்லாம் மறந்துடுச்சு. சர்க்கரை இருக்குன்னு உளறிட்டேன். உங்களுக்கெல்லாம் அவ்ளோ பாடம் எடுத்துட்டு, இதை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?”

“பொய். என்னை வெளியில வரவைக்கப் பாக்குறீங்க.”

பெட்டியைக் கவிழ்த்தாள். நேர்காணல் அன்றே, டாக்டரைப் பார்க்கச் சொல்லி அந்த அதிகாரி முத்திரை குத்திக் கொடுத்த சீட்டு. கதவடியில் தள்ளினாள்.

“தேதியப் பாரு. எனக்கும் அட்டை வந்துச்சுல்ல?”

சீட்டு உள்ளே போயிற்று. பிறகு தாழ்ப்பாள் விலகியது. நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தேதி தெரியல அண்ணி. எழுத்தே தெரியல. எல்லாம் மங்கலா இருக்கு.”

ஆம்புலன்ஸில் ஏறியதும், உடன் வந்த ஊழியர் பேனாவைத் திறந்து முதல் கேள்வியைத் தொடங்குமுன் நாத்தனாரே ஆரம்பித்தாள். தலைவலி மூணு நாளா. நேத்துலேர்ந்து கண்ணு முன்னால பூச்சி பறக்குது. நெஞ்சுக்குக் கீழ வலி. காலையிலேர்ந்து குழந்தை அசையல.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, வண்டியை விரட்டச் சொல்லி டிரைவருக்குப் பின்னாலிருந்த கண்ணாடியை இரண்டு முறை தட்டினார்.