மாப்பிள்ளை வாங்கிய தோட்டா இயந்திரம்

எல்லோரும் சௌக்கியமா? முழங்கால் வலி, இருமல் எல்லாம் தேவலையா? இங்கே மொன்டானாவில் பனி விழத் தொடங்கிவிட்டது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். என் மாப்பிள்ளை காரெட்டின் மானம்தான் போய்ப் போய்த் திரும்பி வருகிறது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

வருடக்கணக்காக விண்ணப்பித்து, இந்த முறைதான் குலுக்கலில் அவனுக்கு எல்க் மான் சுடும் அனுமதி விழுந்தது. ஒரே ஒரு கொம்புள்ள ஆண் மான். அதைக் கடைத் தோட்டாவால் சுடமாட்டேன், நானே செய்த தோட்டாவால்தான் சுடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். அதுவரை அவன் கையால் செய்தது முட்டைப் பொரியல் மட்டும்.

என் வீட்டுக்காரர் போனபிறகு எங்கள் வீட்டுத் தோட்டாக்களை நான்தான் செய்கிறேன்: பித்தளைக் கூட்டில் வெடிமருந்து நிரப்பி, அதன் வாயில் குண்டை அழுத்திப் பொருத்துவேன். அதனால் கருவி வாங்க என்னையும் கூட்டிப்போனான். கடைக்கார ஆர்லோவும் நானும் ஒன்றைத்தான் சொன்னோம். புதிதாகத் தொடங்குபவனுக்கு, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும் சின்ன அழுத்துப்பொறி போதும். மருந்து நிறுக்க நல்ல தராசு, தோட்டாவின் நீளம் பார்க்க ஒரு காலிப்பர், அளவுகள் அச்சிட்ட புத்தகம். அவன் கண்ணோ பிடியை இழுக்க இழுக்கத் தோட்டா துப்பும் பெரிய இயந்திரத்தின் மேலேயே இருந்தது.

"மாப்ள, இது வாராவாரம் போட்டியில மூட்டை மூட்டையா சுடுறவங்களுக்கு. நீ சுடப்போறது ஒத்த மானு."

"நீங்க அந்தக் காலத்து ஆளு அத்தை. உங்களுக்கு மெதுவாதான் வரும்."

அந்தப் பெரியதையே வாங்கினான். தராசையும் புத்தகத்தையும் எப்படியோ அவன் தலையில் கட்டினோம். காலிப்பரை மட்டும் திருப்பி வைத்துவிட்டான். நீளம் அவன் கண்ணுக்கே தெரியுமாம். செய்த தோட்டா துப்பாக்கியில் சரியாக உட்காருகிறதா என்று வேட்டைக்கு முன்பே பார்த்துக்கொள் என்றேன். தலையாட்டினான். தலை மட்டும்தான் ஆடியது.

என் மகள் ஜனெல் பழங்களைப் புட்டியில் அடைக்கும் மேசையில் ஓட்டை போட்டு இயந்திரத்தைத் திருகி மாட்டினான். அதற்கு அவள் என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது.

வேட்டையின் முதல் நாள் விடியலில் நாங்கள் இருவரும் சரிவில் படுத்திருந்தோம். எதிரே கொம்பு மான் வந்து நின்றது. காரெட் தோட்டாவைப் போட்டுத் துப்பாக்கியை மூடப் பார்த்தான். மூடவில்லை. தோட்டா அவ்வளவு நீளம். முட்டித் தள்ளினான், பிறகு வெடுக்கென்று இழுத்தான். பித்தளைக் கூடு மட்டும் கையோடு வந்தது. குண்டு குழலுக்குள் மாட்டிக்கொள்ள, மருந்தெல்லாம் சர்க்கரைப் பொட்டலம் கிழிந்ததுபோலத் துப்பாக்கிக்குள் கொட்டியது.

"இப்ப என்ன அத்தை பண்றது?"

"அதான் கண்ணுலயே அளந்தியே, அதுகிட்டயே கேளு."

மான் நகரத் தொடங்கியது. மனசு கேட்காமல் என் துப்பாக்கியை நீட்டினேன். உள்ளே இருந்தது என் தோட்டா. வாங்கினான், சுட்டான். மான் விழுந்தது.

போன சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் ஊர் விருந்து. தானே செய்த தோட்டாவால் வீழ்த்தினேன் என்று காரெட் கதை அளந்துகொண்டிருந்தான். புதிதாகக் குடிவந்த பள்ளி வாத்தியார், நானும் தொடங்கலாமென்று இருக்கிறேன், முதலில் எதை வாங்குவது என்று அவனிடம் கேட்டார்.

"பெருசாவே வாங்கிருங்க சார். சின்னதை வாங்கிட்டு அப்புறம் வருத்தப்படாதீங்க."

ஜனெல் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல? வாய் நிறைய எல்க் கறி.

உங்கள் வீட்டு மேதாவி முதன்முதலில் எதை வாங்கி மாட்டிக்கொண்டார்? மறைக்காமல் எழுதுங்கள், படித்துச் சிரிக்கக் காத்திருக்கிறேன்.