கடைசிப் பருவத்துக்குத் தள்ளிய பாடம்

பொது நிர்வாகப் பட்டப்படிப்பில் எந்தப் பாடத்தை எந்த வருடம் படிப்பதென்று நாளைக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். மகளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுதினாள், அழித்தாள், எழுந்து நடந்தாள். அழித்து அழித்துத் தாளே நைந்துவிட்டது. புள்ளியியல் என்றாலே அவளுக்குப் பயம். தள்ளித் தள்ளி அதைக் கடைசிப் பருவத்தில் கொண்டுபோய் வைத்தாள். அதில் தேறாமல் மற்ற பாடங்களில் பாதியில் சேரவே முடியாது என்றது அடிக்குறிப்பு. அவள் அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் அம்மா வேலை முடிந்து வந்ததும், தோள்பையைக்கூட இறக்காமல் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"கஷ்டமான ஃபைலை அடியில சொருகிட்டு மத்ததை மேல அடுக்கியிருக்க," என்றாள். "இதுக்கு எதுக்குடி நாலு வருஷப் படிப்பு? நாளைக்கே எங்க ஆபீஸ்ல வந்து உக்காரு."